ஆற்றியிருத்தல்

அப்பாவின் லாரிக்கு ஏசி போடப் போவதாகத் தம்பி போனில் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "ஓடாத வண்டிக்கு எதுக்குடா ஏசி?" என்றேன். "ஓட வைக்கத்தான்க்கா போறேன். அப்பா ஆசைப்பட்டாருல்ல?" என்றான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் ஆசை என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் கணக்குக் கேட்கும் பழக்கம் கிடையாது.

அது 1974ஆம் வருட லேலண்ட் காமெட். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கப்பட்டு 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் வண்டி. அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் சேசிஸும் எஞ்சினுமாகத்தான் வெளியே வரும். ஓட்டுகிறவர் உட்காரும் கேபினை நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் மரமும் தகரமும் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா 1986இல் அதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்பு இரும்பு ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெங்களூரு போவார். திரும்பும்போது கிடைத்த லோடு. இருபத்திரண்டு வருடம் இதே சாலை.

அந்த வண்டியில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, ஓட்டுநரின் இடது காலுக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே ஒரு தகர மூடி. அதை பானட் என்பார்கள். சித்திரை வெயிலில் வாலாஜா தாண்டும்போது அந்த மூடியில் கை வைக்க முடியாது. அப்பா ஒரு கோணிச் சாக்கை நனைத்து அதன்மேல் போட்டிருப்பார். ராணிப்பேட்டையில் நனைத்தால் வேலூருக்குள் காய்ந்துவிடும். அவருடைய இடது கெண்டைக்கால் வலது காலைவிடக் கறுத்து, தோல் தடித்து, ரோமமே இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்த இரவுகளில் அம்மா அதில் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சொல்லும் கதைகளைக் கேட்போம்.

அவற்றில் ஒன்று குளிர்பதன லாரியில் போன கதை. நண்பர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அவருக்குப் பதிலாக ஐஸ்கிரீம் லோடு ஓட்டினாராம். "பின்னாடி மைனஸ் பதினெட்டு. முன்னாடி எனக்கு அடுப்பு. நடுவுல ஒரு தகரம்தான். ஐஸ்கிரீமா பொறந்திருக்கலாம்" என்பார். என்றைக்காவது நம் வண்டியிலும் ஏசி போட வேண்டும் என்பார். நாங்கள் சிரிப்போம். தம்பி அதை மறக்கவில்லை.

அப்பாவின் கிண்டலில் ஒரு சரித்திரம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வில்லிஸ் கேரியர் 1902இல் தம் முதல் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல, நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் காகிதத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. லாரியின் பின்பெட்டியைக் குளிர்விக்கும் கருவியை ஃபிரெடரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பொறியாளர் 1930களின் இறுதியில் உருவாக்கியபோதும், அது உணவு கெடாமல் இருக்கத்தான். ஓட்டுநரின் முறை வர வெகுகாலம் ஆயிற்று. 43 முதல் 47 டிகிரி வெயிலில் நம் ஓட்டுநர்கள் வண்டி ஓட்டுகிறார்கள் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி பேசியது 2023இல். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளுக்கெல்லாம் 2025 முதல் ஏசி கேபின் கட்டாயம் என்ற அறிவிக்கை அந்த வருடம் டிசம்பரில் வந்தது. விலை கூடும் என்று எதிர்ப்பு இருந்ததையும் அமைச்சரே சொல்லியிருந்தார். அப்பா 2019இல் போய்விட்டார்.

லாரி தம்பியின் பெயருக்குப் போனது. நானும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டோம். எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. லாரி என்றால் அது மகனுக்கு என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் அப்போது சொத்துரிமையும் பெண்களும் என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு வந்திருந்தேன்.

தம்பிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை. பின்பக்கத்து வேப்பமரத்தடியில் லாரி பதினைந்து வருடமாக நின்றிருந்தது. சரக்கு ஏற்றும் வயது அதற்கு முடிந்துவிட்டது. பழைய காலத்துக் கதைகள் எடுக்கும் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் யோசனை. ஏசி அந்தக் கணக்கில் வராது. அது அப்பாவுக்காக. பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன்.

வேலையை எடுத்துக்கொண்டவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். பாடியில் முப்பது வருடமாக வண்டிகளுக்கு ஏசி மாட்டுகிறவர். கேபினைச் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இந்த வண்டியோட எஞ்சின் இல்லையே" என்றார்.

இல்லைதான். 1996இல் பழைய எஞ்சினின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. அப்பா ஒரு ஹினோ எஞ்சினைத் தேடிப்பிடித்து ஏற்றினார். எஞ்சினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதற்காக அவர் அலைந்தது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அம்மாவின் நான்கு வளையல்கள் அடகுக்குப் போனதும் நினைவிருக்கிறது. அவை திரும்பி வரவில்லை. "உங்கம்மா வளையல்லதான் வண்டி ஓடுது" என்று அப்பா பெருமையாகத்தான் சொல்வார். அம்மாவும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாற்றிய எஞ்சினோடு ஏசியைச் சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்பதை அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் பார்த்தேன். கம்ப்ரஸரை எஞ்சின்தான் ஒரு பெல்ட் வழியாகச் சுழற்ற வேண்டும். வண்டிக்கென்றே வந்த எஞ்சின் என்றால் அதற்கான பிராக்கெட் கடையில் கிடைத்திருக்கும். இதற்குக் கிடைக்கவில்லை. தம்பி அட்டையில் வரைந்து வெட்டி, வைத்துப் பார்த்து, தடித்த இரும்புத் தகட்டில் அறுத்துத் துளையிட்டான். இரண்டு முறை தவறிவிட்டது. கம்ப்ரஸரின் புல்லி, எஞ்சின் புல்லிக்கு நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கிறீச்சிடும், பிறகு கழன்று அடிக்கும். பாய் இரண்டு புல்லிகளுக்கும் இடையில் ஒரு சணல் நூலை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நூலு பொய் சொல்லாது டீச்சர்" என்றார். மூன்றாவது பிராக்கெட்டில் நூல் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றது.

அடுத்த சிக்கல் கண்டென்சர். வழக்கமாக அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பார்கள். ஹினோவை ஏற்றியபோது மின்விசிறியும் ரேடியேட்டரும் முன்னே தள்ளப்பட்டிருந்ததால் இடமே இல்லை. எப்படியாவது திணித்தாலும், கண்டென்சர் சூடாக்கிவிட்ட காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகும். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் கூரைக்கு மேல் வைப்பது என்று முடிவாயிற்று. மரக்கூரை தாங்காது என்று அதற்கு ஆங்கிள் சட்டம் அடித்தார்கள்.

நான் பாயிடம் கேட்டேன், இவ்வளவு குழாயும் பெட்டியும் எதற்கு, குளிர் எங்கிருந்து வருகிறது என்று. அவர் சிரித்தார். "குளிருன்னு ஒண்ணும் வராது டீச்சர். உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய போடறோம். அவ்ளோதான்." கேபினுக்குள் இருக்கும் காயிலில் ஓடும் கேஸ் அங்கிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே கேஸ் தன் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகி மறுபடி உள்ளே திரும்புகிறது. வெப்பம் அழிவதில்லை. இடம் மாறுகிறது. "அதனால மொதல்ல பார்க்க வேண்டியது, சூடு எங்கிருந்து உள்ள வருது, எந்த வழியா வெளிய போவும், வெளிய யாரு நிக்கிறாங்க. பெட்டிய மாட்றது கடைசி வேலை."

அவர் சொன்னபடியே, மூன்றில் இரண்டு பங்கு வேலை அடைப்பதாகவே இருந்தது. பானட்டின் அடியில் வெப்பம் தாங்கும் விரிப்பு, தரையில் பெடல்கள் போகும் ஓட்டைகளுக்கு ரப்பர், கதவுக்கு பீடிங், சைலன்சர் குழாய்க்கு உறை. கடைசியில் வேக்குவம் பம்பு வைத்துக் குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார்கள். முள் நகராமல் அரைமணி நேரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸை எடைபோட்டு நிரப்பினார் பாய். மொத்தச் செலவு 90,000 ரூபாய்.

முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். எழுபத்தோரு வயது. தம்பியும் அவன் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அம்மா அந்தக் கேபினுக்குள் உட்கார்ந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1988இல் பட்டாபிராமிலிருந்து திருமுல்லைவாயலுக்கு வீடு மாறியபோது. பெண்கள் முன்னால் ஏறினால் லோடு கிடைக்காது என்று கிளீனர் பையன்கள் சொல்வார்கள். அப்பா அதை நம்பியதில்லை. மறுத்ததும் இல்லை.

எஞ்சின் உறுமியது. சற்று நேரத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. தம்பியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அப்பாவின் கால் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா மட்டும் அழவில்லை. பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பாயிடம் கேட்டார், "இந்தச் சூடெல்லாம் எங்க தம்பி போவுது?"

"மேல தள்ளி வெளிய விட்டிருக்கோம்மா."

"அப்ப வெளிய போறதுக்கு ஒரு வழி இருந்தா போதும், இல்ல?" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, கோபமே இல்லாமல், "எனக்கும் சமையல்ரூமுல ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்கடா. நானும் முப்பது வருஷமா கேக்கறேன்" என்றார்.

திருமுல்லைவாயல் வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஆறடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே ஒரு கதவு, அதுவும் கூடத்துக்குள் திறக்கும். சந்துப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கலாம் என்று குடிவந்த வருடமே அம்மா சொன்னார். அடுத்த லோடு வரட்டும் என்றார் அப்பா. பிறகு எஞ்சின் வந்தது, என் கல்லூரிக் கட்டணம் வந்தது, தம்பியின் லேத் வந்தது. 2011க்குப் பிறகு அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டரோடு விலையில்லா மின்விசிறி ஒன்றும் கொடுத்தது. அது கூடத்துக்குப் போயிற்று. "அங்க வெச்சா அடுப்பு அணைஞ்சிடும்" என்று அம்மாவே சொன்னார். உண்மைதான். எந்தக் காற்றையும் உள்ளே விட முடியாத ஓர் அறையில் அவர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நின்றார். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போன இருபத்திரண்டு வருடமும், ஓட்டுவதை நிறுத்தி வீட்டில் இருந்த பதினொரு வருடமும், அதற்குப் பிறகும். அப்பாவின் கெண்டைக்காலின் கறுப்பை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும். அம்மாவின் கழுத்தில் வருடா வருடம் வந்துபோன வேர்க்குருவையும் முன்கையில் இருந்த எண்ணெய்த் தழும்புகளையும் அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு பாலைத் திணையைப் பற்றியது. பொருள் தேடிப் பிரியும் ஆண் நடக்கும் சுரத்தின் வெம்மை, நீர் வற்றிய சுனை, நிழலற்ற மரம் என்று நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு, முல்லைக்கு இருத்தல். முல்லைவாயலில் இருந்த பெண்ணின் வெயிலைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. வெயில் வழியில் இருப்பது, வீடு நிழல் என்றே நானும் வாசித்திருந்தேன்.

தமிழில் ஆறுதல் என்பது சூடு தணிதல். சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், மனம் ஆறும். காபியை ஆற்றுவோம். அதே ஆற்றுதல்தான் பொறுத்துக்கொள்வதும். தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருக்க வேண்டும். முடியாமல் போனால் அதற்கு ஆற்றாமை என்று பெயர். உரைகாரர்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுதிய சொல் இது. வெந்துகொண்டிருப்பவளே தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும், வேறு வழி கேட்கக் கூடாது என்பது அதற்குள் இருக்கிறது.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் நம் பாடத்திட்டத்தில் எப்போதும் இருக்கும். புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலி பெற்ற தாயிடம் மகிழ்ந்து சொல்கிறாள். பதினாறு வருடமாக இதை இல்லறத்தின் இனிமை என்று நடத்தியிருக்கிறேன். லாரிக்கு ஏசி போட்ட வருடம் பாடலை முடித்துவிட்டு, "யார் வீட்டுச் சமையல்கட்டுல ஃபேன் இருக்கு?" என்று மாணவிகளிடம் கேட்டேன். சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "அடுப்பு அணைஞ்சிடும் மிஸ்" என்றாள். அம்மா சொன்ன அதே வார்த்தை. அந்தப் பாடலில் புகை வெளியே போக வழி இருந்ததா என்று அன்றுதான் முதன்முறையாக வகுப்பில் பேசினோம். புலவர் கூடலூர் கிழார் புகையைப் பார்த்திருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை. இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டது நாம்தான்.

ஜன்னல் வைத்துவிட்டோம். கொத்தனார் கூலி, சிமெண்ட், பழைய மரச்சட்டம், வலை, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். இரண்டு நாள் வேலை. முப்பது வருடம் தள்ளிப்போன வேலை இரண்டு நாளில் முடிந்ததைப் பார்த்துத் தம்பி வெகுநேரம் சந்தில் நின்றுகொண்டிருந்தான். அம்மா ஜன்னலின் அடிக்கட்டையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்தார். "அப்பா இருந்திருந்தா பார்த்திருப்பாரு" என்றார். அதில் குறை இருந்ததா, ஏக்கம் இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதோடு முடித்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மகளாக நான் அம்பத்தூரில் என் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் பாய் சொன்ன மூன்று கேள்விகள் கூடவே வந்துவிட்டன. சூடு எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, வெளியே யார் நிற்கிறார்கள்.

என் படிப்பறையில் ஏசி இருக்கிறது. அதன் வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று அன்றிரவு தேடிப் பார்த்தேன். சமையலறையை ஒட்டி, பாத்திரம் தேய்க்கும் சின்ன பால்கனியில் இருந்தது. மாட்ட வந்த பையன், "அங்கதான் மேடம் வசதி" என்று சொன்னதும், சரி என்று நான் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. ஏழு வருடமாக நான் உள்ளே உட்கார்ந்து பெண்ணெழுத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரங்களில், அறையின் வெப்பமெல்லாம் அந்தப் பெட்டி வழியாக வெளியேறி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் முகத்தில் அடித்திருக்கிறது. என் கவிதைத் தொகுப்பு ஒன்று முழுவதும் அந்த அறையில் எழுதப்பட்டது.

அடுத்த வாரம் ஆளை வரவழைத்து, பெட்டியைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஸ்டாண்டு அடித்து மாற்றினேன். குழாயை நீட்ட வேண்டியிருந்ததால் செலவு கொஞ்சம் கூடியது. மறுநாள் காலை அக்கா வந்து பால்கனியைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம் எடுத்துட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

"உங்களுக்குச் சூடா இருந்திருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல அக்கா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் சாதாரணமாக. பிறகு பாத்திரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

நான் அங்கேயே நின்றேன். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. "உங்க வீட்டுச் சமையல்ரூமுல ஜன்னல் இருக்கா?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சமையல்ரூமு எங்க மேடம்? இருக்கறது ஒரே ரூமுதான்."